லெஸ்பியன், கே மக்களுக்கு நிகழ்ச்சி நடத்துகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகரத்தில் வாழும் லெஸ்பியன், கே மக்களுக்காக ஒரு வாசிப்பு மாலை, ஒரு பாட்டுக் குழு, ஒரு குறும்படத் திரையிடல் என்று தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனதோடுதான் தொடங்குகிறார்கள். ஆனால் அவர்களில் பலர் தங்களைப் பற்றி வீட்டிலும் வேலையிடத்திலும் எப்போதோ சொல்லி முடித்தவர்கள். கூடவே நாலு நண்பர்கள் இருப்பவர்கள். திட்டம் போடும்போது தங்களைப் போன்றவர்களுக்கே போட்டுவிடுகிறார்கள். இன்னும் யாரிடமும் வாய் திறக்காத, தன்னந்தனியாக வந்து நிற்கப்போகிற ஆள் அவர்கள் கணக்கில் வருவதே இல்லை. இந்த நிகழ்ச்சிகளில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இங்கிருந்துதான் முளைக்கின்றன.

முதலில் படம் எடுப்பது. “படத்தில் வர விரும்பாதவர்கள் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளுங்கள்” என்று மேடையிலிருந்து சொல்லிவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கிறோம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க எழுந்து ஒதுங்குவதே ஒரு வெளிப்படுத்தல்தானே? அதற்குப் பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. விதியை மாற்றிப் போடுங்கள்: அரங்குக்குள் படம் கிடையாது, விரும்புகிறவர்கள் கடைசியில் ஒரு மூலைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம். நிகழ்ச்சியைப் பதிவு செய்தே ஆக வேண்டுமென்றால் கேமராவைக் கடைசி வரிசைக்குப் பின்னால் வையுங்கள். மேடையில் இருப்பவரின் முகம் தெரியும், பார்வையாளர்களின் முதுகு மட்டுமே விழும். பின்னணியில் கண்ணாடியோ இருட்டிய ஜன்னலோ இருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் பிரதிபலிக்கும் முகங்களை யாரும் கவனிப்பதில்லை, படம் இணையத்தில் ஏறும் வரைக்கும்.

படத்தைவிட அதிகம் காட்டிக்கொடுப்பது பெயர்ப் பட்டியல். 2015இல் லண்டனில் ஒரு பாலியல் நல மருத்துவமனை, எச்.ஐ.வி. சிகிச்சை பெறுகிறவர்கள் உட்பட எழுநூற்றுக்கும் மேற்பட்டோருக்கு மின்னஞ்சலில் செய்திமடல் அனுப்பியபோது, மறைநகல் (BCC) பெட்டியில் போட வேண்டிய முகவரிகளை வெளிப்படையான பெட்டியில் போட்டுவிட்டது. ஒவ்வொருவர் முகவரியும் மற்ற எல்லோருக்கும் போயிற்று. பெரும்பாலான முகவரிகளில் முழுப் பெயரே இருந்தது. அந்த மருத்துவமனையை நடத்திய அமைப்புக்கு 1,80,000 பவுண்ட் அபராதம். பயிற்சி பெற்ற ஊழியர்கள் இருக்கும் இடத்திலேயே இப்படியென்றால், ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் அழைப்பு அனுப்பும் தன்னார்வலர் எம்மாத்திரம்?

வாட்ஸ்அப் குழுவும் இதே ரகம்தான். சேர்த்த மறுகணம் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். பிராட்காஸ்ட் பட்டியல் இருக்கிறது. அதில் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. பெறுகிறவர் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஃபேஸ்புக்கில் பொது நிகழ்வாகப் போட்டால், வருகிறேன் என்று அழுத்தியவர்களின் பெயர்களை வெளியாட்களும் பார்க்க முடியும். அப்புறம் நுழைவுச்சீட்டுப் பணம். பெற்றோரோடு கூட்டுக் கணக்கு வைத்திருப்பவரின் வங்கிப் பட்டியலில் உங்கள் அமைப்பின் பெயர் எப்படி விழும் என்று யோசித்திருக்கிறீர்களா? யாரும் யோசிப்பதில்லை. வாசலில் ரொக்கமாகத் தரும் வழி ஒன்று எப்போதும் இருக்கட்டும். பணமே இல்லாதவர் காரணம் சொல்லாமல் உள்ளே வரும் வழியும் இருக்கட்டும்.

வாசலுக்கு வருவோம். வானவில் கொடியைப் பெரிதாகத் தொங்கவிட ஆசை வரும். அந்தக் கொடிக்குக் கீழே நுழைவதை அக்கம்பக்கத்தில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்றே திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியே சாதாரணப் பெயர்ப்பலகை, உள்ளே எத்தனை கொடி வேண்டுமானாலும். வழியை மட்டும் தெளிவாக எழுதி அனுப்புங்கள்: எந்தக் கதவு, எந்த மாடி, படியேறி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது வரைக்கும். காவலாளியிடம் போய் “இங்கே அந்த நிகழ்ச்சி...” என்று இழுக்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது. காவலாளியிடமும் துப்புரவுப் பணியாளரிடமும் முன்கூட்டியே நாலு வார்த்தை பேசி வைப்பது, மேடை அலங்காரத்தைவிட முக்கியமான வேலை என்பேன்.

உள்ளே வந்தவரை வட்டமாக உட்காரவைத்து, “நீங்கள் எப்போது உணர்ந்தீர்கள், வீட்டில் தெரியுமா?” என்று கேட்டு ஆரம்பிப்பது இன்னொரு வழக்கம். வந்தவர் ஓவியம் கற்க வந்திருப்பார், வாக்குமூலம் கொடுக்க அல்ல. தன்னைப் பற்றிச் சரியாகத் தெரியாமலே வந்தவராகவும் இருக்கலாம், இருபாலீர்ப்பாளராகவும் இருக்கலாம், யாருக்கோ துணையாக வந்தவராகவும் இருக்கலாம். கூப்பிட ஒரு பெயர் போதும், அது உண்மைப் பெயராக இருக்க வேண்டியதும் இல்லை. தெருவில் பிறகு பார்க்கும்போதும் அவர் சிரித்தால் நீங்கள் சிரியுங்கள்; முந்திக்கொண்டு போய்த் தோளில் தட்ட வேண்டாம்.

கலை நிகழ்ச்சிக்கு இங்கேதான் ஒரு பெரிய வசதி இருக்கிறது: கைக்கு வேலை இருந்தால் வாய்க்குக் கட்டாயம் இல்லை. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? தேர்ந்த கலைஞர் நாலு பேரை மேடையேற்றி, மற்றவர்களை நாற்காலியில் உட்காரவைத்து அனுப்பிவிடுகிறோம். எய்ட்ஸ் நினைவுப் போர்வையை எடுத்துக்கொள்ளுங்கள். 1987இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய வேலை. இறந்துபோன ஒருவருக்கு ஒரு துணித் துண்டு, அளவு மூன்றடிக்கு ஆறடி, கிட்டத்தட்ட ஒரு சவக்குழியின் அளவு. விதி அவ்வளவுதான். அதன்மேல் என்ன தைப்பது, எதை ஒட்டுவது என்பதெல்லாம் செய்கிறவர் இஷ்டம். ஊசியே பிடிக்கத் தெரியாதவர்கள் செய்தார்கள், பழைய சட்டைகளை ஒட்டினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் வாஷிங்டனில் முதன்முதலாக விரித்தபோது 1,920 துண்டுகள். இன்று சுமார் 50,000. அளவை மட்டும் இறுக்கிப் பிடித்துவிட்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டதால்தான் அத்தனை கைகள் சேர முடிந்தது. “உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறோம்” என்று வெற்றுத்தாளை நீட்டினால் புதியவர் மிரண்டுபோவார். சின்னதாக, முடிக்கக்கூடியதாக ஒரு வேலை கொடுங்கள்.

அடுத்தது, ஜூன் மாதம் மட்டும் விழித்துக்கொள்வது. 1969 ஜூன் 28 அதிகாலையில் நியூயார்க்கில் கே மக்கள் கூடும் ஸ்டோன்வால் மதுவிடுதியில் போலீஸ் சோதனைக்கு எழுந்த எதிர்ப்பின் நினைவாக உலகெங்கும் பல நகரங்களில் ஜூனில் பேரணி நடக்கிறது. சரி, நடக்கட்டும். மீதிப் பதினொரு மாதம்? அதே சான் ஃபிரான்சிஸ்கோவில் 1978 நவம்பர் 27 அன்று, தன்னைக் கே என்று வெளிப்படையாகச் சொல்லி நகரசபைக்குத் தேர்வான ஹார்வி மில்க்கும் மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அன்று இரவு நகர மண்டபத்துக்கு முன் கூடிய மெழுகுவத்திக் கூட்டத்தில் அந்நகரின் கே ஆண்கள் பாடகர் குழு முதன்முறையாகப் பொதுவில் பாடியது. அந்தக் குழுவின் முதல் ஒத்திகை நடந்தது அக்டோபர் 30இல்தான், ஒரு மாதம்கூட ஆகவில்லை. முன்பே கூட ஆரம்பித்திருந்ததால், தேவைப்பட்ட இரவில் பாட ஆள் இருந்தது. மாதம் ஒரு முறை, ஒரே கிழமை, ஒரே இடம், பத்தே பேர் என்றாலும் போதும். இந்த மாதம் தைரியம் வராதவருக்கு அடுத்த மாதம் எங்கே வர வேண்டும் என்று தெரிந்திருக்கும். ஆண்டுக்கொரு பெருவிழாவை நான் அவ்வளவாக மதிப்பதில்லை.

லெஸ்பியன், கே என்று அழைப்பில் போட்டுவிட்டு, உள்ளே போனால் ஆண்கள் மட்டும் இருப்பது பழைய கதை. “பெண்களை அழைத்தோம், வரவில்லை” என்பார்கள். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சி, திரும்பிப் போக வண்டி இல்லாத இடம், திரையிடும் படங்கள் எல்லாம் ஆண்களைப் பற்றியவை. எப்படி வருவார்கள்? இந்தச் சலிப்பில்தான் பெண்கள் தங்களுக்கென்று தனியே இடங்களை உருவாக்கிக்கொண்டார்கள். நியூயார்க்கில் 1974இல் தொடங்கிய லெஸ்பியன் ஹெர்ஸ்டரி ஆவணக் காப்பகம் நெடுங்காலம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில்தான் இயங்கியது. 1993இல்தான் புரூக்ளினில் சொந்தக் கட்டடத்தைத் திறந்தது. ஏற்பாட்டுக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருந்து, நேரத்தையும் இடத்தையும் அவர்களும் சேர்ந்து முடிவு செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். சில மாலைகள் பெண்களுக்கு மட்டும் என்று இருந்தால் அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

நிகழ்ச்சியைத் துணை தேடும் சந்தை ஆக்கிவிடாதீர்கள் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். காதல் வரட்டும், யார் வேண்டாமென்றார்கள்? ஆனால் ஒருவர் தொந்தரவு செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பொறுப்பாளர் யாரென்று தொடக்கத்திலேயே கைகாட்டிவிடுங்கள். புகார் உங்கள் நெருங்கிய நண்பர் மீதே வரும் நாளில் என்ன செய்வீர்கள் என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். பல குழுக்கள் உடைவது அந்த நாளில்தான்.

சில்லறை விஷயங்கள்: வீட்டில் சந்தா கட்டிப் பார்க்கும் படத்தைப் பொது இடத்தில் திரையிட அந்தச் சந்தா பொதுவாக அனுமதி ஆகாது, விநியோகஸ்தரிடம் கேளுங்கள், குறும்படம் என்றால் இயக்குநரிடமே எழுதிக் கேட்கலாம். பாட வருகிற நம்மவர்களிடம் “நமக்காகத்தானே” என்று சொல்லி இலவசமாக வேலை வாங்காதீர்கள். ஒலிபெருக்கிக்காரருக்குப் பணம் கொடுக்கிறோம், பாடுகிறவருக்கு மட்டும் கைதட்டலா?

கடைசியாக ஒன்று. கடவுச்சொற்கள், தொடர்பு எண்கள், அரங்கச் சாவி எல்லாம் ஒரே ஆளிடம் இருக்கும். அவர் களைத்துப்போய் விலகினாலோ வேறு நகரத்துக்குப் போனாலோ அதோடு எல்லாம் நின்றுவிடும். இரண்டாவது ஆளிடம் இன்றே பாதியை ஒப்படையுங்கள். விலகிப்போனவரின் கைபேசியிலிருந்து பெயர்ப் பட்டியலை அழித்தாயிற்றா என்றும் கேட்டுவிடுங்கள்.