மாட்ரிட்டிலிருந்து ஒரே நாளில் டொலேடோ: முதல்முறை போகிறவர்களுக்கு

ஸ்பெயினின் பழைய ஊரான டொலேடோவை ஒரே நாளில் முழுதாகப் பார்க்க முடியாது, முயலவும் வேண்டாம். ஊர் குன்றின் மேல் இருக்கிறது. தாஹோ ஆறு மூன்று பக்கமும் சுற்றி ஓடுகிறது. கிழக்கே நுழைந்து மேற்கே வெளியேறினால் ஏறின மேட்டையே மறுபடி ஏற வேண்டியதில்லை.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். திங்களன்று செஃபார்தி (ஸ்பெயின் யூதர்) அருங்காட்சியகம் மூடியிருக்கும். ஞாயிறு காலையில் வழிபாடு நடப்பதால் கதீட்ரலுக்குள் பார்வையாளர்களை மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள். இந்த இரண்டு நாளையும் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது ரயில் டிக்கெட். மாட்ரிட்டின் அடோச்சா நிலையத்திலிருந்து அவாந்த் என்ற அதிவேக ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். எல்லாமே முன்பதிவு இருக்கைகள் என்பதால் போக, வர இரண்டுக்கும் சேர்த்தே வாங்குங்கள். பைகளை ஸ்கேன் செய்துதான் உள்ளே விடுவார்கள், கொஞ்சம் முன்னதாகப் போங்கள். டிக்கெட் கிடைக்காவிட்டால் மாட்ரிட்டிலேயே பிளாசா எலிப்டிகாவிலிருந்து பேருந்து இருக்கிறது.

இறங்கியதும் அவசரப்படாதீர்கள், 1919-இல் திறந்த அந்த ரயில் நிலையமே பார்க்க வேண்டிய கட்டடம். பிறகு அல்காந்தரா பாலம் வழியாக நடந்து சோகோதோவேர் சதுக்கத்துக்கு ஏறுங்கள். கூழாங்கல் தெருக்கள், நல்ல ஷூ இல்லாவிட்டால் கால் போய்விடும்.

நேராகக் கதீட்ரல். நேரத்தை இங்கேதான் தாராளமாகச் செலவழிக்க வேண்டும். 1226-இல் தொடங்கி, முடிக்க இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலானது. பிரதான பீடத்தின் பின்பக்கம் போய் நிமிர்ந்து பாருங்கள். பீடத்தில் வெளிச்சம் விழுவதற்காக நார்சிசோ தோமே என்ற சிற்பி மேற்கூரையையே திறந்துவிட்டார்; 1732-இல் முடிந்த வேலை. ‘டிரான்ஸ்பரேந்தே’ என்பார்கள். வெயில் உள்ள நாளென்றால் அதிர்ஷ்டம். டொலேடோவில் வாழ்ந்த ஓவியர் எல் கிரேகோவின் ‘எல் எஸ்போலியோ’ ஓவியம் சக்ரிஸ்தியில், அதாவது பாதிரியார்கள் வழிபாட்டு உடை அணியும் அறையில், இருக்கிறது.

சாப்பாடு இரண்டு மணிவாக்கில். கார்காமூசாஸ் இந்த ஊர்ப் பண்டம், பன்றி இறைச்சிக் குழம்பு. சைவம் என்றால் பிஸ்தோ கேளுங்கள்: தக்காளி, குடைமிளகாய் போட்டு வதக்கிய கூட்டு. மேலே முட்டை வைத்துத் தருவதுண்டு, வேண்டாம் என்றால் ‘சின் உவேவோ’ என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம் சாந்தோ தொமே தேவாலயம். எல் கிரேகோ 1586–88-இல் வரைந்த ‘ஒர்காஸ் பிரபுவின் அடக்கம்’ அங்கே இருக்கிறது. கீழே கைகாட்டி நிற்கும் சிறுவன் எல் கிரேகோவின் மகன் என்பார்கள்.

இரண்டு தெரு தள்ளி யூதர் குடியிருப்பு. 14-ஆம் நூற்றாண்டில் அரசரின் பொக்கிஷதாரர் சாமுவேல் ஹா-லேவி கட்டிய டிரான்சிதோ ஜெபக்கூடம்தான் இப்போது செஃபார்தி அருங்காட்சியகம். சுதை வேலைப்பாட்டில் எபிரேய எழுத்தோடு அரபு எழுத்தும் கலந்திருப்பதைத் தேடிப் பாருங்கள். 1492-இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியது என்பதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்தச் சுவர் வேறு மாதிரித் தெரியும்.

நேரமிருந்தால் சான் ஹுவான் மடத்துக்குள் போகலாம். இல்லாவிட்டால் வெளிச்சுவரில் தொங்கும் கைதிகளின் சங்கிலிகளை மட்டும் பார்த்துவிட்டு, சான் மார்த்தின் பாலத்துக்கு இறங்குங்கள். அங்கிருந்து மிரதோர் தெல் வாயே காட்சிமுனைக்கு டாக்சியில் போவதே நல்லது, நடந்து போகத் தூரம் அதிகம். ஊர் முழுவதும் ஒரே பார்வையில் அகப்படும் இடம் அது. டாக்சியை நிற்கச் சொல்லி, அதிலேயே ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள்.