தோட்டாக் கூடுகளைக் கழுவ அமோனியா வேண்டாம்

சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகளை மறுபடி நிரப்பக் கழுவும்போது, கையில் கிடைத்த பாலிஷை எடுத்துவிடாதீர்கள். அதில் அமோனியா இருந்தால் பளபளப்பு வரும், கூடவே கண்ணுக்குத் தெரியாத விரிசலும் வரும். வெந்நீரில் கொஞ்சம் சிட்ரிக் அமிலம், இரண்டு சொட்டு பாத்திர சோப்பு, 10 நிமிட ஊறல், அவ்வளவு போதும். ரொம்ப நேரம் ஊறினால் துத்தநாகம் கரைந்து, பித்தளையில் செம்பு நிறம் தலைகாட்டும். அப்புறம் நன்றாக அலசி, கூட்டின் அடியில் பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) உட்காரும் குழிக்குள்ளும் துளி ஈரம் இல்லாமல் காயவிடுங்கள். தங்கம்போல் மின்ன வேண்டியதில்லை, கரி போனாலே சரி. பிரைமர் கரியில் ஈயம் இருக்கலாம். அதனால் கையுறை கட்டாயம். சமையல் பாத்திரங்களை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது.