கொடை மேடையில் சந்திரபாபு வேஷம் கட்ட

திருநெல்வேலிச் சீமையில் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மெல்லிசைக் குழு வைக்கும் ஊர்களில் எம்.ஜி.ஆர்., சிவாஜி வேஷங்களுக்கு அப்புறம் ‘சந்திரபாபு உண்டா?’ என்று அந்தக் கால நகைச்சுவை நடிகரைக் கேட்கிற பெரியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வேஷம் கட்டுகிற பலரும் கட்டம்போட்ட சட்டை, இறுக்கமான பேண்ட் போட்டுக்கொண்டு நாலு தடவை தொப்பென்று விழுந்து எழுந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். முதல் விழுகைக்குச் சிரிப்பார்கள். மூன்றாவதுக்குக் கூட்டம் பஜ்ஜிக் கடைப் பக்கம் நகர்ந்துவிடும். சந்திரபாபு முதலில் பாட்டுக்காரர். கோணங்கித்தனம் முழுக்கத் தாளத்துக்குள் நின்று செய்தது. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி வேலை பாதிதான்.

பாட்டுத் தேர்வு

கொடையில் ஒரு வேஷத்துக்கு 20 முதல் 25 நிமிடம் கிடைக்கும். நாலு பாட்டுக்கு மேல் எடுக்காதீர்கள். சந்திரபாபு தன் பாட்டுகளைத் தானே பாடியவர். அதனால் வாயசைத்து ஒப்பேற்றுவது இந்த வேஷத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. சொந்தக் குரலில் பாட முடியாதவர் வேறு வேஷம் பார்க்கலாம்.

தொடக்கத்துக்கு ‘மணமகன் தேவை’ (1957) படத்தின் ‘பம்பரக் கண்ணாலே’. முதல் வரியிலேயே கூட்டம் அடையாளம் கண்டுகொள்ளும், அறிவிப்பே வேண்டாம். இரண்டாவதாக ‘சகோதரி’ (1959) படத்தின் ‘நான் ஒரு முட்டாளுங்க’. இதில்தான் விழுகைக்கும் தடுமாற்றத்துக்கும் இடம் அதிகம். குழுவில் நல்ல பெண் குரல் இருந்தால் இதற்குப் பதில் ‘மரகதம்’ (1959) படத்தின் ‘குங்குமப் பூவே’ எடுக்கலாம். அது ஜமுனா ராணியோடு பாடிய ஜோடிப் பாட்டு. பெண் குரல் இல்லாமல் ஆணே கீச்சுக் குரலில் இரண்டையும் பாடுவது மலிவான சிரிப்பு. அதைத் தவிர்ப்பது நல்லது.

மூன்றாவதாக ஆட்டமே இல்லாத பாட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். ‘கவலை இல்லாத மனிதன்’ (1960) படத்தின் ‘பிறக்கும்போதும் அழுகின்றாய்’, அல்லது ‘அன்னை’ (1962) படத்தின் ‘புத்தியுள்ள மனிதரெல்லாம்’. அந்த இரண்டாவது பாட்டின் முதல் வரி ஊர்ப் பேச்சில் பழமொழி மாதிரியே புழங்குகிறது. எந்தப் பாட்டானாலும் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, கையைக்கூட அதிகம் அசைக்காமல் பாடுங்கள். பத்து நிமிடம் துள்ளிய ஆள் அசையாமல் உட்காரும்போது கூட்டம் தானாக அடங்கும். இந்த இடத்தில் பதறிப்போய் மறுபடி ஆட ஆரம்பிக்கிறவர்கள்தான் அதிகம். முழுசாக ஒரு சரணம் பொறுத்துப் பாருங்கள்.

சோகத்தோடு இறங்கக் கூடாது; கொடை மேடைக்கு அது ஆகாது. கடைசியாக ‘ஆண்டவன் கட்டளை’ (1964) படத்தின் ‘சிரிப்பு வருது’. சிரித்துக்கொண்டே பாடுகிற பாட்டு என்பதால் மூச்சு பாதியில் தீரும். எங்கே சிரிப்பு, எங்கே மூச்சு என்று பாட்டுத் தாளில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். சிரித்த பிறகு மூச்சு இழுத்தால் அடுத்த வரி பிந்தும். மூச்சை முதலில் இழுத்துவிட்டு, அது வெளியே போகும்போது சிரிக்க வேண்டும்.

கருவிக்காரர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். ஐம்பதுகளின் ஒலிப்பதிவில் பாங்கோஸ், கிட்டார், கிளாரினெட், அக்கார்டியன் எல்லாம் குரலுக்கு வழிவிட்டு நிற்கும். இன்றைய ரிதம் பேட் வாசிப்பவர் பழக்கதோஷத்தில் கிக் டிரம்மைப் போட்டு நிரப்பினால் பாட்டே குத்துப்பாட்டாக மாறிவிடும். ‘பாங்கோஸ், தபலா மட்டும் போதும்; விழுகிற இடத்தில் ஒரே ஒரு சிம்பல்’ என்று சொல்லி வைத்தால் சரியாக இருக்கும்.

குரல் உடைக்கிற வித்தை

மேலைநாட்டு யோடலிங்கைத் தமிழ் சினிமாவில் நிலைநிறுத்தியவர் சந்திரபாபு. நெஞ்சுக் குரலிலிருந்து கள்ளக் குரலுக்கு, அதாவது மெல்லிய மேல் குரலுக்கு, சட்டென்று தாவுவதுதான் யோடலிங். தாவுகிற இடத்தில் ‘டக்’கென்று ஒரு உடைசல் கேட்க வேண்டும். கர்நாடக சங்கீதம் பழகியவர்களுக்கு இதுதான் கஷ்டம். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகவே தொண்டை பழகியிருக்கும். உடைசல் மறைந்தால் அது ஜாரு என்கிற வெறும் வழுக்கலாகிவிடும்.

பயிற்சி இப்படி: ஒரு கட்டை சுருதி வையுங்கள். மத்திய ஸ்தாயி ‘ப’வில் ‘ஓ’ என்று திறந்த வாயோடு, அழுத்தமாக. அங்கிருந்து தார ஸ்தாயி ‘க’வுக்கு ‘ஈ’ என்று தாவுங்கள். மேலே போகும்போது சத்தத்தைக் கூட்டாமல் குறைக்க வேண்டும். பெரும்பாலான ஆண்களுக்கு இந்தச் சுருதியில் மேல் ‘ரி’க்கும் ‘ம’வுக்கும் நடுவே குரல் தானாக உடையும் என்பதால் இந்தத் தாவல் வசதியானது. கீழே ‘ஓ’, ‘ஆ’; மேலே ‘ஈ’, ‘ஊ’. மாற்றிப் போட்டால் வராது. முதலில் நொடிக்கு ஒரு தாவல். சுத்தமாக வந்த பிறகுதான் வேகம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். தொண்டை கரகரத்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். மேலே போகும்போது கழுத்து நரம்பு புடைத்தால் நெஞ்சுக் குரலையே இழுத்துக்கொண்டு போகிறீர்கள் என்று அர்த்தம். கத்துவதால் உடைசல் வராது, விடுவதால்தான் வரும்.

விழுகை

சந்திரபாபு விழுவதில் சிரிப்பு விழுகையில் இல்லை, அதற்கு முந்தைய சமாளிப்பில் இருக்கிறது. நாலு எண்ணிக்கையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கால் தடுமாறும். இரண்டில் கையை வீசிச் சமாளிப்பார். மூன்றில் ஒன்றுமே நடக்காதது போல நிமிர்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்வார். நாலில் விழ வேண்டும். மூன்றாவதை விட்டுவிட்டால் அது வெறும் விபத்து. பார்க்கிறவர்கள் ‘ஐயோ’ என்பார்கள், சிரிக்க மாட்டார்கள். 25 நிமிடத்துக்கு மூன்று விழுகை தாராளம். மூன்றும் மூன்று விதமாக இருக்கட்டும். ஒன்று பின்பக்கம், ஒன்று பக்கவாட்டில், ஒன்று விழப்போய் விழாமல் தப்புவது. கடைசி வகைக்குத்தான் பெரும்பாலும் விசில் பறக்கும்.

உடம்புக்கு: முகவாயை நெஞ்சோடு ஒட்டுங்கள், பின்மண்டை தப்பும். முழங்காலை மடக்கிப் பாதித் தூரம் தாழ்ந்த பிறகே தரையைத் தொட வேண்டும். கெண்டைக்கால், தொடையின் வெளிப்பக்கம், இடுப்புச் சதை, முதுகின் பக்கவாட்டு என்று வரிசையாகப் பட வேண்டும். கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும். நேராக உட்கார்ந்த மாதிரி விழுந்தால் வால் எலும்பு அடிபட்டு வாரக்கணக்கில் உட்கார முடியாது. விழும்போது மூச்சை வெளியே விடுங்கள். முதல் வாரம் தடித்த மெத்தையில் குந்திய நிலையிலிருந்து, அடுத்த வாரம் அரைக்குந்தலில், அப்புறம்தான் நின்ற நிலை. வெறும் ஜமுக்காளம் இதற்குப் போதாது. முதுகுவலிக்காரர்கள், ஏற்கெனவே முட்டி தேய்ந்தவர்கள் விழப்போய்த் தப்புகிற வகையை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கூட்டத்துக்குக் குறை தெரியாது.

துணி, செருப்பு, தலை

பேண்டின் கால் வாய் சுற்றளவு 14 அங்குலம், நீளம் கணுக்காலுக்குச் சற்று மேலே. சாதாரண துணியில் தைத்தால் முதல் விழுகையிலேயே கவட்டில் கிழியும். இழுவை உள்ள துணி எடுத்து, கவட்டில் நாலுமூலைத் துண்டு ஒன்று வைத்து இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். உள்ளே அதே நிறத்தில் அரைக்கால் டவுசர் இருக்கட்டும். கிழிந்தாலும் ஆட்டம் நிற்காது. சட்டையும் உடம்போடு ஒட்டியே இருக்க வேண்டும், அவர் ஒல்லி ஆள். தொப்பை இருந்தால் சட்டைமேல் குட்டைக் கோட்டு ஒன்று போட்டு மறைக்கலாம்.

செருப்பில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ரப்பர் அடிப்பாகம் விரிப்பில் பிடித்துக்கொள்ளும். உடம்பு சுழன்று கால் சுழலாமல் முட்டி திருகும். புதுத் தோல் ஷூ எண்ணெய்த் தரையில் நிற்பது போல வழுக்கும். தோல் அடிப்பாகத்தின் முன்பாதியை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். அது போதும்.

நெற்றியில் விழும் சுருட்டை முடிக்குப் போட்ட ஜெல் சித்திரை வெக்கையிலும் விளக்குச் சூட்டிலும் உருகிக் கண்ணில் வழியும். ஜெல்லைக் குறைத்து, அடியில் சின்னக் கருப்பு ஊசி குத்துங்கள். ஆடியில் வேறு தொல்லை. செங்கோட்டைப் பக்கமிருந்தும் ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்தும் அடிக்கிற காற்றில் தொப்பி பறந்துவிடும். தொப்பிக்கு உள்ளே எலாஸ்டிக் தைத்து முகவாய்க்குக் கீழே கொண்டுவராமல் பின்மண்டையில் மாட்ட வேண்டும். மைக்குக்கும் தடித்த பஞ்சு உறை போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாட்டுக்குப் பதில் ‘புஸ்புஸ்’ என்று காற்றுதான் கேட்கும்.

மேடையும் மைக்கும்

குறைந்தது 20 அடி நீளம், 16 அடி அகலம் கேளுங்கள். பீப்பாய்மேல் பலகை அடுக்கிய மேடையானால் வெளிச்சம் இருக்கும்போதே ஏறி நடந்து பாருங்கள். பலகைச் சந்து, தூக்கி நிற்கிற ஆணி, துள்ளுகிற இடம் எல்லாவற்றையும் சாக்குக் கட்டியால் குறித்து ஆளைவிட்டுச் சரிசெய்த பிறகே விரிப்பு போட வேண்டும். விரிப்பின் ஓரம் நாலு பக்கமும் டேப் ஒட்டியிருக்கட்டும். விழுகிற இடம் மானிட்டர் பாக்ஸிலிருந்து ஐந்தடி தள்ளி இருக்க வேண்டும்.

கைமைக் வேண்டாம், வயரில் கால் சிக்கும், விழும்போது பல்லில் இடிக்கும். தலையில் மாட்டுகிற வயர்லெஸ் மைக்தான் சரி. அதன் டிரான்ஸ்மிட்டரை எல்லோரும் முதுகில் சொருகிவிடுவார்கள். பின்பக்கம் விழுந்தால் அது விலாவில் குத்தும், அதுவும் உடையும். வலப்பக்கம் விழுகிறவர் இடது இடுப்பின் முன்பக்கம் மாட்டிக்கொள்ளலாம். பேட்டரி அன்றைக்குப் புதுசு போட வேண்டும். யோடலிங்குக்கு எக்கோ வைத்தால் உடைசல் குழம்பிவிடும் என்று மைக்செட்காரரிடம் சொல்லிவிடுங்கள். குழாய் ஸ்பீக்கர் மட்டும் கட்டியிருக்கிற ஊரில் மேல் குரல் காதைக் கீறும், அங்கே தாவலைப் பாதியாகக் குறையுங்கள்.

பேச்சும் அறிவிப்பும்

‘சபாஷ் மீனா’ (1958) படத்தில் சந்திரபாபுவுக்கு இரட்டை வேஷம். அதில் ரிக்‌ஷாக்காரராக வந்து மெட்ராஸ் பாஷையில் வெளுத்துக்கட்டுவார். நம் பக்கத்து ஆட்கள் அதைப் பேசினால் பாதியில் நெல்லை இழுவை வந்துவிடும். ‘இன்னாபா’வில் தொடங்கி ‘சொல்லுதேம்லா’வில் முடிந்தால் இரண்டுமே கெட்டது. நாலே நாலு வரி மட்டும் மெட்ராஸ் பாஷையில் மனப்பாடம் செய்யுங்கள். பாட்டுக்கு இடையில் கூட்டத்தோடு பேசுவதை ஒளிக்காமல் நம் பேச்சிலேயே ‘என்ன அண்ணாச்சி, பின்னால கேக்கா?’ என்று பேசிவிடலாம். தூத்துக்குடிக்காரர் வேஷத்துக்கு அது குறையும் இல்லை.

அறிவிப்பாளருக்கு ஒன்றரை நிமிடம் கொடுங்கள். 1927இல் தூத்துக்குடியில் பிறந்தவர். அன்று தூத்துக்குடி திருநெல்வேலி மாவட்டம்தான், பிரிந்தது 1986இல். ‘பனிமயதாஸ்’ என்று அவர் பெயரிலேயே தூத்துக்குடி பனிமய மாதா இருந்தார். சிறுவயது கொழும்பில், பிறகு சென்னை. முதல் படம் ‘தன அமராவதி’ (1947). ‘பெண்’ (1954) படத்தில் எஸ்.பாலசந்தருக்குக் குரல் கொடுத்தார். சாவித்திரியை வைத்து ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ (1966) இயக்கினார். 1974 மார்ச்சில், 46 வயதில் காலமானார். இவ்வளவு போதும். மாதா கோயில் திருவிழாவானால் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ என்ற படப் பெயர் பைபிள் வசனம் என்பதை ஒரு வரி சேர்க்கலாம்.

சேர்க்கக் கூடாதவையும் உண்டு. வாய்ப்புக் கிடைக்காத விரக்தியில் 1952இல் ஜெமினி ஸ்டுடியோவில் அவர் தற்கொலைக்கு முயன்றதும், அதற்காக நீதிமன்றம் போனதும் மேடையில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லப்படுகிற கதை. பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்; அதை வேடிக்கையாகவோ வீரமாகவோ சொல்லாதீர்கள். கல்யாண வாழ்க்கை, குடி பற்றியும் வேண்டாம். எம்.ஜி.ஆரை வைத்து அவர் தொடங்கிய ‘மாடி வீட்டு ஏழை’ நின்றுபோன விவகாரத்தைத் தொட்டால் கூட்டத்தில் ஒருவர் எழுந்து பதில் சொல்ல ஆரம்பிப்பார், உங்கள் நேரம் போய்விடும்.

நேரம்

ஒலிபெருக்கிக்குப் பொதுவாக இரவு 10 மணிதான் எல்லை. காவல் நிலைய அனுமதிக் கடிதத்தில் என்ன நேரம், என்ன நிபந்தனை போட்டிருக்கிறது என்று கொடைக் கமிட்டியிடம் தாளையே வாங்கிப் படியுங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். எட்டரை மணிவாக்கில் மேடையேறுவது நல்லது. அதற்கு முன்னால் போனால் சாப்பாட்டுப் பந்தி ஓடிக்கொண்டிருக்கும். வில்லுப்பாட்டு நீண்டு உங்கள் நேரம் பாதியாகிவிட்டால் ‘முட்டாளுங்க’ பாட்டைத் தூக்கிவிட்டு, அதன் தடுமாற்றத்தில் ஒன்றை மட்டும் ‘பம்பரக் கண்ணாலே’ இடையிசையில் வையுங்கள். உட்கார்ந்து பாடுகிற பாட்டை மட்டும் எடுக்காதீர்கள். அது மூன்று நிமிடம்தான், அது இருந்தால்தான் கடைசிப் பாட்டு எடுபடும்.