பழைய கேம்பர் வேனில் புதிய ரக ஸ்டியரிங் பாக்ஸைப் பொருத்துதல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேனின் இரண்டாம் தலைமுறை 1967 ஆகஸ்டில் தொடங்கியது. ஸ்டியரிங் வீலின் சுழற்சியைச் சக்கரங்களைத் திருப்பும் அசைவாக மாற்றுவது ஸ்டியரிங் பாக்ஸ். இந்த வேனின் 1972 மாடல் வரையிலான வண்டிகளில் ‘வர்ம் அண்டு பெக்’ வகை ஸ்டியரிங் பாக்ஸும், 1973 மாடல் முதல் ‘வர்ம் அண்டு ரோலர்’ வகையும் இடம்பெற்றன. பழைய வகையில் திருகு போன்ற தண்டின் பள்ளத்தில் ஒரு முளை சறுக்கியபடி நகரும். புதிய வகையில் முளையின் இடத்தில் ஓர் உருளை தானும் சுழன்றபடி நகர்வதால் உராய்வு குறைகிறது. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், பழைய பாக்ஸில் பள்ளத்தின் நடுப்பகுதி முதலில் தேய்ந்து, ஸ்டியரிங் வீல் தளர்ந்து ஆடுகிறது. அந்த ஆட்டத்தைப் போக்க அட்ஜஸ்ட்மென்ட் ஸ்குருவை இறுக்கினால், தேயாத ஓரப்பகுதிகளில் பாக்ஸ் பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நடுநிலைக்குத் திரும்பாது. பாக்ஸை மாற்றுவதற்கு உண்மையான காரணம் இதுதான்.

எனவே, குறை பாக்ஸில்தான் இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். சக்கரங்கள் தரையில் நிற்க, எஞ்சின் அணைந்த நிலையில், ஒருவர் ஸ்டியரிங் வீலை இரு பக்கமும் சிறிதளவு ஆட்டட்டும். நீங்கள் வண்டியின் முன்புறம் படுத்து, அசைவு எந்த இணைப்பில் தொலைகிறது என்று பாருங்கள். இந்த வேனில் பாக்ஸிலிருந்து இறங்கும் டிராப் ஆர்ம், பின்னோக்கிச் செல்லும் டிராக் லிங்க்கைத் தள்ளுகிறது. டிராக் லிங்க் முன் ஆக்சிலின் நடுவிலுள்ள ஸ்விங் லீவரைத் திருப்புகிறது. அதிலிருந்து இரு டை ராடுகள் சக்கரங்களுக்குச் செல்கின்றன. பாக்ஸுக்குள் நுழையும் தண்டு திரும்பியும் டிராப் ஆர்ம் அசையாமல் இருந்தால் குறை பாக்ஸில் இருக்கிறது. ஆர்ம் உடனே அசைந்து, ஸ்விங் லீவரோ டை ராடு எண்டோ தாமதித்தால், தேய்ந்த அந்தப் பாகத்தை மாற்றுவதே போதுமானது.

பாகங்களைத் திரட்டும்போது பாக்ஸை மட்டும் வாங்காதீர்கள். அது வந்த வண்டியின் டிராப் ஆர்ம், டிராக் லிங்க், ஸ்டியரிங் தண்டை இணைக்கும் கப்ளிங் ஆகியவற்றையும் சேர்த்தே பெறுங்கள். இரு வகைகளின் ஸ்பிளைன் பற்களும் (தண்டும் ஆர்மும் வழுக்காமல் பூட்டிக்கொள்ளும் வரிப்பற்கள்) ஆர்மின் நீளமும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணி வேலையைத் தொடங்கக் கூடாது. வலப்புற ஓட்டுநர் வண்டிக்கு வலப்புற வண்டியின் பாக்ஸையே தேட வேண்டும். ரப்பர் கப்ளிங் டிஸ்க், தானே பூட்டிக்கொள்ளும் நட்டுகள், ஸ்பிலிட் பின்கள் (நட்டு கழலாமல் துளையில் செருகி மடக்கும் கம்பிகள்) ஆகியவை புதியனவாக இருக்கட்டும்.

அடுத்தது மேசை மேல் செய்யும் வேலை. முழு வேலையின் வெற்றியும் இங்கேதான் தீர்மானிக்கப்படுகிறது என்பதால் இதற்கு நேரம் ஒதுக்குங்கள். புதிய பாக்ஸின் நுழைவுத் தண்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் திருப்பி, சுற்றுகளை எண்ணுங்கள். முனைகளில் வேகமாக மோத விடாதீர்கள். மொத்தம் 3½ சுற்று என்றால், ஒரு முனையிலிருந்து 1¾ சுற்று திருப்பிய இடமே நடுநிலை. அந்த இடத்தில் கைக்குச் சற்றே கூடுதலான இறுக்கம் தெரியும். அது குறையன்று, நேராக ஓடும்போது ஆட்டம் இல்லாமல் இருப்பதற்காக நடுப்பகுதி வேண்டுமென்றே அவ்வாறு நெருக்கமாக அமைக்கப்பட்டிருக்கிறது. தண்டிலும் உறையிலும் அழியாத பெயிண்ட் கொண்டு ஒரே கோடாக ஓர் அடையாளம் இடுங்கள். சக்கரங்கள் நேராக நிற்கும்போது பாக்ஸும் இந்த நடுநிலையில் நிற்க வேண்டும். வண்டி ஓடும் நேரத்தில் பெரும்பகுதி, பாக்ஸின் ஆட்டமற்ற பகுதியில் கழிவதற்கு இது ஒன்றே வழி.

பழைய பாக்ஸைக் கழற்றியதும் (கழற்றும் முறை அடுத்த பத்தியில்), அதையும் புதியதையும் அருகருகே வைத்து மூன்றைச் சரிபாருங்கள். தண்டை வலப்புறம் திருப்பினால் இரண்டின் ஆர்மும் ஒரே திசையில் செல்ல வேண்டும். எதிர்த்திசையில் சென்றால் அந்தப் பாக்ஸை வண்டியில் ஏற்றவே கூடாது. பொருத்தும் துளைகளின் இடைவெளி பொருந்த வேண்டும். ஸ்பிளைன் தண்டின் மையத்திலிருந்து பந்து மூட்டின் மையம் வரை அளந்த ஆர்மின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். ஆர்ம் நீளமானால் ஸ்டியரிங் விரைவாகவும் கனமாகவும் திரும்பும். இவற்றில் ஏதேனும் ஒன்று பொருந்தாவிட்டாலும் ஆர்மையோ டிராக் லிங்க்கையோ சூடாக்கி வளைப்பது, வெட்டி வெல்டிங் வைப்பது ஆகியவற்றை எவர் சொன்னாலும் ஏற்காதீர்கள். உலோகத்தின் வலிமை எங்கே குறைந்தது என்பது கண்ணுக்குத் தெரியாது. உடைவது ஓடும் வண்டியில்தான்.

இனி வண்டிக்கு வருவோம். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்புறத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். சக்கரங்களை நேராக வைத்து, டிராப் ஆர்மின் நிலையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிராக் லிங்க்கின் பந்து மூட்டை அதற்குரிய புல்லரால் (இறுகிய பாகத்தை இழுத்துப் பிரிக்கும் கருவி) பிரித்து, கப்ளிங் போல்ட்டுகளையும் பிறகு சட்டகத்தில் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் கழற்றினால் பாக்ஸ் இறங்கும். அது கையளவுப் பொருளாகத் தெரிந்தாலும் கனமானது. கடைசி போல்ட்டை எடுக்கும்போது ஒரு கை அடியில் தாங்கியிருக்கட்டும். ஆர்மைத் தண்டிலிருந்து எடுக்கவும் புல்லர்தான் வேண்டும். தண்டின் நுனியில் சுத்தியலால் அடித்தால் உள்ளே பேரிங்கும் பற்களும் பழுதாகும்.

பாக்ஸ் இருந்த இடத்தின் சட்டகத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, துளைகளைச் சுற்றி விரிசலோ துருவோ இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பழைய அழுக்குக்கு அடியில் மயிரிழை போன்ற விரிசல் ஒளிந்திருக்கலாம். இருந்தால் அதைத் தேர்ந்த வெல்டர் சரிசெய்த பிறகே மேலே செல்ல வேண்டும்.

புதிய பாக்ஸை நடுநிலையில் வைத்தபடியே ஏற்றி, எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால் மட்டும் திருகுங்கள். ஸ்டியரிங் தண்டை கப்ளிங்குடன் சேர்க்கும்போது ரப்பர் டிஸ்க் தட்டையாக இருக்க வேண்டும். அது குவிந்தோ முறுக்கியோ தெரிந்தால் தண்டும் பாக்ஸும் நேர்கோட்டில் இல்லை என்று பொருள். பாக்ஸைச் சற்று நகர்த்தி, டிஸ்க் தளர்ந்து நின்ற பிறகே சட்டகப் போல்ட்டுகளை டார்க் ஸ்பேனரால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), வண்டியின் ஒர்க்‌ஷாப் மேனுவல் கூறும் அளவுக்கு இறுக்குங்கள். கப்ளிங்கின் இரு உலோகப் பக்கங்களையும் இணைக்கும் சிறிய எர்த் வயரையும் மறக்காமல் மாட்ட வேண்டும். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அந்த வயர் இல்லாமல் ஹார்ன் ஒலிக்காது.

ஆர்மை மாட்டும்போது பாக்ஸின் அடையாளக் கோடு விலகக் கூடாது. டிராக் லிங்க்கின் நீளத்தை மாற்ற வழியிருந்தால், ஸ்விங் லீவர் நடுவில் நிற்கும்படி அதைச் சரிசெய்யுங்கள். வழியில்லையென்றால் இரு டை ராடுகளின் நீளத்தைச் சரிசெய்து சக்கரங்களை நேராக்குங்கள். ஸ்டியரிங் வீல் கோணலாகத் தெரிந்தால், இவை அனைத்தும் முடிந்த பிறகே வீலைக் கழற்றிப் பற்களை மாற்றி வைக்க வேண்டும். கோணலைப் போக்க முதலிலேயே வீலை மாற்றி வைப்பவர்கள் பலர். வீல் நேராகிவிடும், பாக்ஸோ நடுநிலையை விட்டு விலகியே கிடக்கும்.

சக்கரங்கள் தூக்கிய நிலையிலேயே இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்பிச் சுற்றுகளை மீண்டும் எண்ணுங்கள். மேசை மேல் எண்ணியதைவிட இது குறைவாக இருக்க வேண்டும். நடுவிலிருந்து இரு பக்கமும் ஏறத்தாழ சமமாகவும் இருக்க வேண்டும். சக்கரத்தின் திருப்பத்தை வெளியே உள்ள தடுப்பு நிறுத்த வேண்டுமே தவிர, பாக்ஸின் உள்முனை நிறுத்தக் கூடாது. கூடவே, பிரேக் ஹோஸும் டயரும் எதிலும் உரசவில்லை என்பதைப் பாருங்கள். பாக்ஸுக்கு கியர் ஆயிலா, கிரீஸா என்பது வகைக்கு வகை மாறும். அதற்குரியதையே இட வேண்டும், இரண்டையும் கலக்கக் கூடாது.

எல்லா ஸ்பிலிட் பின்களும் மடக்கப்பட்டதை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த பின், வண்டியை இறக்கி, ஆளில்லாத இடத்தில் நடைவேகத்தில் ஓட்டுங்கள். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்குரு அதிகமாக இறுக்கப்பட்டிருக்கலாம். மேனுவலின்படி சற்றுத் தளர்த்துங்கள். பிறகு வீல் அலைன்மென்ட் செய்து, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் முழு வேலையையும் காட்டுங்கள். ஸ்டியரிங் மாற்றத்துக்கு வாகன ஆய்வு கட்டாயமாக உள்ள இடத்தில் அதையும் முடித்த பிறகே பொதுச்சாலையில் இறங்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் சட்டகப் போல்ட்டுகளையும் கப்ளிங்கையும் டார்க் ஸ்பேனர் வைத்து மறுபடி சோதியுங்கள்.