ஃபஸ்ஸி லாஜிக்கால் சர்வரைக் காக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

பல கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் கோரிக்கைகளைக் குவித்து சர்வரைத் திணறடிக்கும் டிடாஸ் தாக்குதலின்போது எது நல்ல கோரிக்கை, எது கெட்டது என்று சட்டென்று பிரிக்க முடியாது. 2016 அக்டோபர் 21 அன்று மிராய் என்ற தீநிரலின் தாக்குதலில் டைன் நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவை (இணையதளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது) திணறியபோது, பதில் கிடைக்காத நேர்மையான சர்வர்களும் திரும்பத் திரும்பக் கேட்டு நெரிசலைக் கூட்டின. இப்படி இரண்டுங்கெட்டானாக நிற்பவற்றை அளக்கத் தோதானது, லோத்ஃபி ஸாதே 1965இல் முன்வைத்த ஃபஸ்ஸி கணக்கு. ஆம், இல்லை என்று வெட்டாமல் 0 முதல் 1 வரை அளவு தரும்.

பலரும் சறுக்குவது கடைசிப் படியில்தான். ஒரு ஐபி முகவரியிலிருந்து வரும் கோரிக்கைகள் ‘அதிகம்’ என்பதற்கு 0.7, பாதியில் நிற்கும் இணைப்புகள் ‘அதிகம்’ என்பதற்கு 0.4 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர வேண்டும் என்ற விதியில் சிறியதை எடுப்பது வழக்கம்: 0.4. இதன் பிறகு ‘0.5ஐத் தாண்டினால் தடை, இல்லாவிட்டால் விட்டுவிடு’ என்று எழுதினால் அவ்வளவு கணக்கும் தண்டம். பழைய வரம்பெண்தான் வேறு வேஷத்தில் நிற்கிறது. 0.4க்கு ஏற்றபடி வேகத்தைக் குறையுங்கள், வரிசையில் பின்னுக்குத் தள்ளுங்கள், மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சா கேளுங்கள். இந்திய மொபைல் நெட்வொர்க்குகளில் ஒரே பொது ஐபி முகவரியைப் பல சந்தாதாரர்கள் பகிர்வது சகஜம். அதை அடைத்தால் குற்றமற்றவர்களும் வெளியே நிற்பார்கள்.

அந்த 0.7ஐ ‘தாக்குதலுக்கு 70 சதவீத வாய்ப்பு’ என்று மேலதிகாரியிடம் சொல்லிவிடாதீர்கள். ‘அதிகம்’ என்ற சொல் எவ்வளவு பொருந்துகிறது என்பதே அதன் பொருள்.

எது ‘அதிகம்’ என்பதை நள்ளிரவுப் பதிவுகளைப் பார்த்து முடிவு செய்வதும் வம்பு. காலை 10 மணிக்கு ரயிலின் ஏசி வகுப்புத் தட்கல் முன்பதிவு திறக்கும்போது முண்டியடிப்பவர்கள் பயணிகள். உச்ச நேரப் பதிவுகளையும் சேர்த்தே எல்லைகளை வரையுங்கள்.

கோரிக்கை எண்ணிக்கை போன்ற ஐந்து உள்ளீடு, ஒவ்வொன்றுக்கும் குறைவு, நடுத்தரம், அதிகம் என மூன்று நிலை என்றால், எல்லாச் சேர்க்கைக்கும் 243 விதிகள். யார் உட்கார்ந்து சரிபார்ப்பது? மூன்று உள்ளீட்டுக்கு 27தான், அதில் தொடங்குங்கள்.

நெரிசல் குறைந்த கணமே கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் அது மறுபடி ஏறும், மறுபடி இறுக்க வேண்டும், சேவை ஊசலாடும். இறுக்குவது வேகமாகவும் தளர்த்துவது படிப்படியாகவும் இருக்கட்டும்.

உங்கள் இணைய இணைப்பே நிரம்பி வழிந்தால், சர்வரில் எழுதிய எந்த விதியும் உதவாது. அதை இணையச் சேவை நிறுவனம்தான் மேலேயே வடிகட்ட வேண்டும். அவர்களின் அவசரத் தொடர்பு எண்ணை இப்போதே வாங்கி வையுங்கள்.