தோள்பட்டைத் தசைகளை விரலால் கண்டுபிடிப்பது எப்படி

தோளைத் தளரவிட்டு உட்காருங்கள். தூக்கி வைத்தால் கழுத்திலிருந்து தோள்வரை பரவிய ட்ரபீசியஸ் தசை இறுகி, அடியில் எதுவும் பிடிபடாது.

காறை எலும்பின் மேலேயே விரலை வெளிப்பக்கமாக நகர்த்துங்கள். கடைசியில் சின்னப் படி ஒன்று தட்டுப்படும். அதைத் தாண்டிய தட்டை எலும்பு அக்ரோமியன்.

காறை எலும்பின் வெளிப்பகுதிக்குச் சுமார் 2.5 செ.மீ. கீழே மெதுவாக அழுத்தினால் தோள்பட்டை எலும்பின் கோரகாய்டு முனை தட்டுப்படும். காறை எலும்பு மேலே எழும்பாமல் பிடித்து வைக்கும் லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) இங்கிருந்துதான் கிளம்புகிறது. அழுத்தினால் நல்ல தோளிலும் இந்த இடம் வலிக்கும், பயப்பட வேண்டாம்.

சுப்ராஸ்பினேட்டஸ் தசையின் டெண்டன் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) அக்ரோமியனுக்கு அடியில் ஒளிந்திருக்கும். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனால் அது முன்னே நகரும். அக்ரோமியனின் முன் ஓரத்துக்குச் சற்றுக் கீழே தொட்டுப் பாருங்கள். தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் சுழல் தசைகளில் அதிகம் கிழிவது இதுதான்.

அடுத்த சுழல் தசையான இன்ஃப்ராஸ்பினேட்டஸுக்கு இன்னொருவர் தேவை. அவர் முழங்கையை 90 டிகிரி மடக்கி விலாவோடு ஒட்டி, முன்கையை வெளியே தள்ளட்டும். நீங்கள் மணிக்கட்டில் தடுங்கள். முதுகுப்பக்கம், தோள்பட்டை எலும்பின் குறுக்கு மேட்டுக்குக் கீழே தசை இறுகுவது தெரியும். முழங்கை விலகினால் தோளை மேலே மூடியிருக்கும் டெல்டாய்டு தசை குறுக்கே வந்து குழப்பிவிடும்.

இன்னொரு சுழல் தசையான சப்ஸ்காபுலாரிஸைத் தேடி மெனக்கெட வேண்டாம். தோள்பட்டை எலும்புக்கும் விலாவுக்கும் நடுவே கிடக்கிறது அது.