பர்வதமலை ஏறப் போகிறீர்களா? முதலில் ஜவ்வாது மலையைப் பாருங்கள்

திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையின் கடைசிப் பகுதி செங்குத்துப் பாறை. அதில் கடப்பாறைகளை அடித்துப் படியாக்கி, பிடித்துக்கொள்ளச் சங்கிலியும் கம்பியும் போட்டிருப்பார்கள். முழுக்க இரும்பு. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி. அந்தச் சங்கிலியைப் பிடித்து நான் இறங்கிக்கொண்டிருக்கிறேன். வடமேற்கே வானம் நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. எனக்குக் கீழே நின்ற மச்சான், "மாமா, இடிக்குது மாமா" என்றான். அவன் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை.

எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று காலை என் செல்போன் திருவண்ணாமலைக்கு முழுச் சூரியன் படம் காட்டியிருந்தது. அது பொய்யும் இல்லை. திருவண்ணாமலை டவுனில் அன்று ஒரு சொட்டு விழவில்லை. டவுன் எங்கே, மலை எங்கே? நடுவில் இருபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. கோடை இடிமேகம் ஒரு ஊரில் கொட்டிவிட்டு அடுத்த ஊரைக் காயவிட்டுப் போகும் சாமான். அதனால் ஊர்ப்பெயர் போட்டு வரும் படத்தை நான் இப்போது பார்ப்பதே இல்லை.

போளூரில் கடை வைத்திருக்கிறேன். வருடத்துக்கு நாலைந்து தடவையாவது சென்னை நண்பர்கள் "இந்த வாரம் மலை ஏறலாமா, மழை வருமா?" என்று கேட்பார்கள். கேள்வியே தப்பு. ஏப்ரல், மே மாதத்தில் எந்த மணிக்கு வரும், எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று கேட்க வேண்டும். பதிலை வைத்துத்தான் கிளம்பும் நேரம்.

காரணம் எளிது. காலை வெயில் மலைச் சரிவைச் சூடாக்குகிறது. ஈரக்காற்று சரிவோடு மேலே ஏறுகிறது. பத்து, பதினொரு மணிக்கு, மேற்கே இருக்கும் ஜவ்வாது மலை உச்சியில் காலிஃபிளவர் மாதிரி மேகம் முளைக்கும். இரண்டு மணிக்கு மேல் இடி. மேற்கிலிருந்து காற்று வீசினால் அந்த மேகம் நேராக நம் பக்கம் நகர்ந்து வரும். ஜவ்வாது மேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் பர்வதமலையிலிருந்து வான்வழியே இருபது கிலோமீட்டர்தான். ஒரு மணி நேரத்தில் தலைக்கு மேல் நிற்கும். சில நாள் கடற்காற்று சாயங்காலம் உள்ளே வந்து இன்னொரு முறை கிளப்பிவிடும்.

சரி, எதை எப்போது பார்ப்பது?

இரண்டு நாள் முன்னால் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை. தமிழிலேயே வருகிறது. அதில் மழை அளவைவிட இடத்தைச் சொல்லும் வார்த்தையைக் கவனியுங்கள். 'ஓரிரு இடங்களில்' என்றால் மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை நனையலாம் என்று அர்த்தம். லேசான மழை என்று அர்த்தமில்லை. அந்த ஓரிரு இடத்தில் நீங்கள் இருந்தால் உங்களுக்கு நூற்றுக்கு நூறுதான். மஞ்சள், ஆரஞ்சு எச்சரிக்கை பெரும்பாலும் கனமழைக் கணக்கில் வருவது, அதாவது ஒரு நாளில் ஏறக்குறைய 7 செ.மீ.யும் அதற்கு மேலும். நிறம் இல்லாத நாளிலும் மின்னல் விழும்.

அதே அறிக்கையில் நேற்று பெய்த மழைப் பட்டியல் இருக்கும். காலை 8.30 வரையான 24 மணி நேரக் கணக்கு. நான் முதலில் தேடுவது ஜமுனாமரத்தூர். அங்கே இரண்டு நாள் தொடர்ந்து பெய்திருந்தால் மூன்றாம் நாளும் மழை அதே நேரத்துக்குக் கடை திறக்க வாய்ப்பு அதிகம். என் அனுபவத்தில் நேற்றைய மழைக்கு நிகரான ஜோசியம் வேறில்லை.

முந்தின நாள் இரவு விண்டி (Windy) என்கிற வானிலைச் செயலி. ஊரைத் தேடாதீர்கள், விரலால் மலையின் மேலேயே புள்ளி வையுங்கள். மூன்று விஷயம் பார்ப்பேன். ஒன்று, வானிலையைக் கணிக்கும் ஐரோப்பிய மாடல், அமெரிக்க மாடல் இரண்டும் ஒரே மணியைக் காட்டுகின்றனவா என்று. இரண்டு, 'கேப்' (CAPE) என்கிற அடுக்கு. காற்று மேலே பாய எவ்வளவு சக்தி சேர்ந்திருக்கிறது என்று சொல்வது. 1000 தாண்டினால் உஷார், 2500 தாண்டினால் நான் பையைக் கட்டமாட்டேன். வெறும் கேப் இருந்தால் மட்டும் இடி வராது, கிளப்பிவிட ஏதாவது வேண்டும். நமக்கு அதை மலையே செய்கிறது. மூன்று, 700 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்த மட்டத்தில் வீசும் காற்று, ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் உயரம். அது வரும் திசைதான் மேகம் வரும் திசை.

காலையில் கிளம்பும்போது செயற்கைக்கோள் படம். ஏற ஆரம்பித்த பிறகு சென்னை ரேடார். ஒரு எச்சரிக்கை: சில படங்களில் நேரம் யூடிசி என்கிற உலகப் பொது நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். மச்சான் ஒருமுறை மதியத்தில் 07.40 என்று பார்த்துவிட்டு "காலைல படம், பழசு" என்று மூடிவிட்டான். அது அப்போதுதான் வந்த 1.10 மணிப் படம். இன்னொன்று, சென்னை ரேடார் பர்வதமலையிலிருந்து 160 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தில் அதன் கதிர் தரையை விட்டு ரொம்ப மேலே போய்விடும். சின்ன மேகம் தப்பிவிடும், உயரமான இடிமேகம் தப்பாது. சிவப்பு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

தாமினி செயலியையும் போட்டுக்கொள்ளுங்கள். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. உங்களைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுந்தால் காட்டும். ஆனால் மலையில் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. அதனால் கடையில் தம்பியை உட்கார வைத்துவிடுகிறேன். பத்து மணிக்கு மேல் அரை மணிக்கு ஒரு தடவை ரேடாரும், வானிலை மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்கு விடும் மாவட்ட அறிவிப்பும் பார்ப்பான். சிவப்பு கண்டால் "இறங்குண்ணா" என்று மெசேஜ்.

அம்மாவுக்கு இதெல்லாம் தேவையில்லை. மொட்டை மாடியில் வடகம் காயவைக்கும் மாதம் என்பதால் அவர் கண் எப்போதும் மேற்கேதான். புழுக்கம் திடீரென்று நின்று ஜில்லென்று காற்றடித்தால் வேட்டியோடு வடகத்தைச் சுருட்டிவிடுவார். அந்தக் காற்று மலையில் உங்கள் முகத்தில் பட்டால், ஏற்கெனவே தாமதம்.

இவ்வளவும் பார்த்துக் கிடைப்பது ஒரே ஒரு முடிவுதான். மலையடிவாரத் தென்மாதிமங்கலத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு ஏற ஆரம்பி, பன்னிரண்டு மணிக்குள் இரும்புப் படிகளுக்குக் கீழே வந்துவிடு. பௌர்ணமிக்கு இரவில் ஏறுகிறவர்கள் வெயில் இல்லையே என்று ஏமாறக்கூடாது. சாயங்கால மேகம் இரவு ஒன்பது, பத்து வரை நிற்பதுண்டு. ரேடார் காலியான பிறகு ஏறுங்கள்.

அப்படியும் மாட்டிக்கொண்டால் மின்னலைப் பார்த்ததும் எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள், சங்கிலியில் கை வைக்காதீர்கள். உச்சியில் நிற்காமல் பள்ளமான பக்கம் இறங்குங்கள். ஒற்றை மரத்தடி வேண்டாம், பாறை இடுக்கும் வேண்டாம். கூட்டமாக ஒட்டி உட்காராமல் தள்ளித் தள்ளி இருங்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆனபிறகுதான் நகர வேண்டும். நடுவில் ஒரு இடி கேட்டால் மறுபடி முதலிலிருந்து. போன வருடம் நாங்கள் அப்படி மூன்று தடவை எண்ணினோம். மச்சான் புளிசாதப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, இருபது அடி தள்ளி உட்கார்ந்திருந்தான்.